அண்ணியின் பத்தாவது அத்தியாயம்

ஒலிநூலகத்தில் அவனை எல்லோரும் ‘டபுள் பூட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கதவைப் பூட்டி நாலு எட்டு நடந்தபின் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற பிறவி. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்யும் அந்த இடத்தில் யூனிக்ஸ் சர்வர் அவன் பொறுப்பு. வாசிப்பவர்களில் அவன் அண்ணியும் ஒருத்தி.

தொண்டையில் ஆபரேஷன், குரல் மாறிவிடும் என்று டாக்டர் சொன்னதும் அண்ணி ஒரு தடித்த நாவலை எடுத்தாள். மூன்றே மாதத்தில் இருபத்தாறு அத்தியாயத்தையும் முடித்தாள்.

“என் பழைய குரல் இனிமே இதுல மட்டும்தான் தம்பி. பாத்துக்கங்க.”

“கவலையே படாதீங்க அண்ணி. வாராவாரம் பேக்கப் போகுது.”

போனது உண்மைதான். வெள்ளிதோறும் டார் என்ற கட்டளை அண்ணியின் நாவல் இருந்த டைரக்டரியை ஒரே மூட்டையாகக் கட்டி வேறொரு கணினியில் வைக்கும். ஆனால் நடுவில், ஒன்பது அத்தியாயம் முடிந்திருந்தபோதே டிஸ்க் நிறைந்துவிட்டிருந்தது. பதிவுகளைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றினான். பழைய இடத்தில், ‘இங்கே இல்லை, அங்கே போ’ என்று வழிகாட்டும் சிம்லிங்க் ஒன்றை வைத்தான். அதன்பின், இருபது நிமிடம் பிடித்த பேக்கப் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. புது டிஸ்க்கின் வேகம் என்று டீ நேரத்தில் பெருமை வேறு. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவன், கட்டிய மூட்டையை ஒரு தரமாவது பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் வாரம் பெரிய டிஸ்க் செத்தது. நிதானமாகத்தான் பேக்கப்பைத் திறந்தான். வெறும் பத்து கேபி. உள்ளே ஒரே வரி, அந்தச் சிம்லிங்க். டார் மேல் குற்றமில்லை. வழிகாட்டியைப் பின்தொடர்ந்து போ என்று சொன்னால்தான் அது போகும்; இவன் சொல்லவில்லை. வீட்டை விட்டுவிட்டு விலாசத்தை மட்டும் வாராவாரம் பத்திரப்படுத்தியிருந்தான். மாற்றுவதற்கு முந்தைய வெள்ளியின் மூட்டை ஒன்றுதான் முழுசாக இருந்தது.

சாயங்காலம் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மென்று விழுங்காமல் சொல்லிவிட்டான்.

“ஒம்பதுதான் இருக்கு அண்ணி. மிச்சமெல்லாம் போயிடுச்சு. தப்பு என்னோடதுதான்.”

அவள் தலையணை உறையை ஓரம் சேர்த்து மடித்து வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

“இந்தப் புஸ்தகத்துக்கு எத்தனை பேர் காத்திருக்காங்க?” புதுக் குரல் கரகரத்தது.

“நாப்பது பேர்.”

“அப்ப நாளைக்கு ரெக்கார்டிங் ரூமைத் திறந்து வைங்க. பத்துலேருந்து வாசிக்கறேன்.”

“இந்தக் குரல்லயா அண்ணி?”

“வேற எது இருக்கு?”

அழுதது அவன்தான். அண்ணி அடுத்த துணியை எடுத்தாள்.

இப்போது வெள்ளிதோறும் மூட்டையைப் பிரித்து, ஒன்பதாவது அத்தியாயத்தின் கடைசி நிமிடத்தையும் பத்தாவதின் முதல் நிமிடத்தையும் கேட்கிறான். பத்தாவது தொடங்கும் இடத்தில் அண்ணி ஒருமுறை தொண்டையைச் செருமுகிறாள். அதை வெட்டிவிடலாம் என்று ஒலிப்பதிவாளர் சொன்னபோது, வேண்டாம் என்று அவன்தான் தடுத்தான்.