தேவஇரக்கம் மேஸ்திரியின் அடி

ராஜபாளையத்தில் மோட்டார் கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் யாரும் தேவஇரக்கம் மேஸ்திரியின் அடி வாங்காமல் தூரப் பயணம் கிளம்பியது கிடையாது. அடி காருக்குத்தான். சக்கரத்து நட்டு ஒவ்வொன்றிலும் ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போடுவார். போடும்போது வாய் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லும். வலது பக்கச் சக்கரங்களில் தொடங்கி இடது பக்கத்தில் முடிப்பார். முடித்ததும் டிரைவரைப் பார்த்து, “வண்டி திரும்பி வாரவரைக்கும் எந்தப் பயலும் நட்டைத் தொடக்கூடாது” என்பார். மேஸ்திரி அடித்த நட்டில் டிரைவர் கை வைப்பது அவர் முகத்தில் கரி பூசுவதற்குச் சமம் என்று ஊரில் எழுதாத சட்டமே ஆகிவிட்டது. பஞ்சு வியாபாரி காளிராஜ் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழமும் வைப்பார், ஸ்தோத்திர அடியும் போட்டுக்கொள்வார். காப்பாற்றுவது யாராக இருந்தால் அவருக்கென்ன.

அப்பேர்ப்பட்ட அடி வாங்கிய காளிராஜின் வண்டியில்தான், சேத்தூரைத் தாண்டிய இடத்தில், சக்கரம் கழன்று ஓடியது.

1938ஆம் வருஷத்துச் சாரல் காலம் அது. காளிராஜ் புத்தம் புதிதாக ஓர் அமெரிக்கக் கார் வாங்கியிருந்தார். வாங்கிய கையோடு குடும்பத்தைக் குற்றாலத்துக்கு அனுப்பினார். ஓட்டியது பீர் மைதீன். இடது முன் சக்கரம் தனியே கழன்று, சாலையோரம் புல்லுக்கட்டுச் சுமந்து போன முத்தாத்தாள் என்ற பெண்ணின் மேல் போய் மோதியது. அவள் அங்கேயே செத்துப்போனாள்.

சக்கரத்தில் ஒரு நட்டுகூட மிச்சமில்லை. போலீஸ் நேரே மேஸ்திரியின் பட்டறைக்கு வந்தது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “இடது பக்கத்து நட்டெல்லாம் எம் அடிக்கு லேசா நகந்து குடுத்துச்சுங்கய்யா. கம்பெனிக்காரன் அரைகுறையா முறுக்கி அனுப்பியிருக்கான். அதனால அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு அடி சேத்தே போட்டேன். அது தானா கழலுததுக்கு வழியே இல்ல. வழியில டிரைவர்தான் எதுக்கோ கழட்டிட்டு, சரியா மாட்டாம விட்டிருக்கான்.”

அது போதாதா? பீர் மைதீனை ஸ்ரீவில்லிபுத்தூர் சப்ஜெயிலில் கொண்டு அடைத்தார்கள். அவன் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தைதான் சொன்னான்: மேஸ்திரி அடித்த நட்டை நான் தொடவே இல்லை. அதை யாரும் நம்பவில்லை. மேஸ்திரி அறவே நம்பவில்லை. அவன் பெண்சாதி நூர்பானு கைக்குழந்தையோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, கை தவறியிருக்கலாம்னு ஒரு வார்த்த சொன்னியன்னா அவுக வெளிய வந்துருவாக.”

“இத்தன வருசமாத் தவறாத கை, ஒம் புருசனுக்காகவாம்மா தவறணும்?” என்று கேட்டுவிட்டு மேஸ்திரி துருத்திப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

கோர்ட்டில் மேஸ்திரி சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. அவருடைய சாட்சிதான் வழக்கே. அவர் வாயைத் திறந்து நட்டு இறுக்கமாக இருந்தது என்று சொன்னால் பீர் மைதீனுக்கு ஜெயில் நிச்சயம்.

காளிராஜ் அதே காரில்தான் அவரைக் கூட்டிப் போக வந்தார். மதுரையிலிருந்து கார் ஏஜென்சி ஆள் வந்து, புது போல்ட்டும் நட்டும் போட்டு, நாலு சக்கரத்தையும் முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். டிரைவர்கள் மேலேயே நம்பிக்கை போய்விட்டதால் காளிராஜ் தானே ஓட்டினார். மேஸ்திரி வழக்கம்போலச் சுத்தியலை எடுத்தார். வலது பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் அடி போட்டு முடித்தபோது காளிராஜ் ஹாரனை அமுக்கினார்.

“போதும் ஏறுய்யா. மாஜிஸ்திரேட் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்க மாட்டார்.”

“இடது பக்கம் பாக்கி இருக்கே மொதலாளி.”

“இந்தா இருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வந்து போட்டுக்கிடலாம்.”

மேஸ்திரிக்கு மனசே இல்லை. அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

ஆண்டாள் கோவில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இடது பின் சக்கரம் பஞ்சர் ஆனது. காளிராஜ் தலையில் கை வைத்தார். மேஸ்திரி சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு, ஜாக்கியை முட்டுக் கொடுத்து, ஸ்பேனரை எடுத்தார். பட்டறைப் பையன்கூடச் செய்துவிடுகிற வேலை இது என்பதுபோலத்தான் தொடங்கினார்.

முதல் நட்டு அசையவில்லை. இடப்பக்கமாகக் கழற்றுகிற வேலை, அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டாவதும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார். ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். அசைந்தது மாதிரி இருந்தது. மறுபடியும் கல்லாக நின்றது. மதுரைக்காரனின் ஏழு தலைமுறையையும் வாய்விட்டுத் திட்டினார்.

“இப்பிடியாய்யா முறுக்குவான் ஒருத்தன்? மாட்டுக்கு லாடம் அடிக்கவன் பரவாயில்ல.”

“ஏமய்யா, நேரமாகுது” என்றார் காளிராஜ். அவசரம் வந்தால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும்.

மேஸ்திரி குழாயில் முழுப் பாரத்தையும் போட்டு ஒரு எம்பு எம்பினார். டக்கென்று ஒரு சத்தம். குழாயோடு அவரும் மண்ணில் விழுந்தார். நட்டு கழன்றுவிட்டது என்று நினைத்து எழுந்து பார்த்தால், போல்ட்டே முறிந்து, முறிந்த துண்டு நட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

நட்டாவது மிஞ்சட்டும் என்று அந்தத் துண்டைக் குறட்டால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகினார். கழற்றுகிற பக்கமாகத்தான் திருகினார். நட்டு வெளியே வராமல் உள்ளே போனது. கையை நிறுத்தினார். பட்டறையிலேயே வளர்ந்த கை அது; தூக்கத்தில்கூட எந்தப் பக்கம் இறுகும், எந்தப் பக்கம் கழலும் என்று அதற்குத் தெரியும். மாற்றித் திருகினார். வெண்ணெய் மாதிரி கழன்று வந்தது.

துண்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மரையின் திருகுவரி எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும்போல, உலகத்து நட்டுக்கெல்லாம் இது நேர் மாறாக இருந்தது.

எழுந்து போய் வலது பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அங்கே வழக்கமான மரை. திரும்ப இடது பக்கம் வந்தார். அசையாமல் நின்ற இரண்டாவது நட்டில் ஸ்பேனரை வைத்து, குழாயை மாட்டி, இறுக்குகிற பக்கமாக, வலப்பக்கமாக, அழுத்தினார். கிறீச்சென்று ஒரு முனகல். அவ்வளவுதான். அப்புறம் விரலாலேயே கழற்றினார். மூன்றாவதும் அப்படியே வந்தது.

வண்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“என்னய்யா, வந்துருச்சா?” என்றார் காளிராஜ்.

“இந்த வண்டிக்கு இடது பக்கம் மட்டும் எதிர் மரை மொதலாளி. வலப்பக்கம் திருகுனா கழலும்.”

“அதான் கழண்டுட்டுதே. ஸ்டெப்னிய மாட்டு.”

“நான் அன்னைக்கி வலப்பக்கமாத்தான் அடிச்சேன்.”

காளிராஜுக்கு உடனே புரியவில்லை. மேஸ்திரி சொல்லிக்கொண்டே போனார். தனக்கே சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல். “நட்டு நகந்து குடுத்துச்சுன்னு போலீஸ்ல பெருமையாச் சொன்னேனே. அது இறுகுனது இல்ல. கழண்டுருக்கு. பத்தாதுன்னு ஒரு அடி சேத்துப் போட்டிருக்கேன். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லிச் சொல்லிக் கழட்டி விட்டிருக்கேன்.”

காளிராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையை முன்னும் பின்னும் பார்த்தார். யாரும் இல்லை. கிட்டே வந்து குனிந்தார்.

“இன்னைக்கி காலையில நான் ஹாரன் அடிக்கலேன்னா?”

அந்த நினைப்பு மேஸ்திரிக்கு ஏற்கெனவே வந்து போயிருந்தது. உயிர் தப்பியதில் சந்தோஷம் வரவில்லை என்பதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

“இங்க பாரு தேவஇரக்கம். இது ஒனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வண்டிய ஒங்கிட்ட அனுப்பி அடி போடச் சொன்னது நானு. சொன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம். அந்தப் பொம்பளையும் எந்திரிச்சு வரப்போறதில்ல.”

“பீர் மைதீன்?”

“ஆறு மாசமோ ஒரு வருசமோ. அவன் குடும்பத்த நான் பாத்துக்கிடுதேன்.”

காளிராஜ் அந்த முறிந்த துண்டைப் பிடுங்கி ஓடைப்பக்கம் எறிந்தார். மேஸ்திரி தடுக்கவில்லை. அவர் கையில் நட்டு இருந்தது. அதை மடியில் முடிந்துகொண்டார். ஸ்டெப்னியை மாட்டினார். மிச்ச நட்டுகளை, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, இடப்பக்கமாகத் திருகி இறுக்கினார். கை ஒவ்வொரு தடவையும் மாறிப்போகப் பார்த்தது. சுத்தியலை எடுக்கவே இல்லை.

கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் நூர்பானு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள். ஏசியிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பார்.

கூண்டில் ஏறினார். பைபிளின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். எதிர்க் கூண்டில் பீர் மைதீன் கன்னம் ஒட்டிப்போய் நின்றான். அவர் கண்ணைப் பார்க்காமல் கைகட்டி நின்ற விதம், பட்டறையில் அடி முடிகிறவரை நிற்பானே, அதே விதம்.

சர்க்கார் வக்கீல் சுருக்கமாகக் கேட்டார். “நீர் வேலையை முடிச்சபோது இடது முன் சக்கரத்து நட்டெல்லாம் இறுக்கமா இருந்ததா?”

“இல்லங்கய்யா.”

வக்கீல் தலையைத் தூக்கினார். “கேள்வியைக் காது குடுத்துக் கேளும்.”

“சரியாத்தான் கேட்டேன். அது இறுக்கமா இல்ல. நான்தான் கழட்டி விட்டேன். இப்ப வருத வழியிலதான் எனக்கே தெரிஞ்சுது.”

காளிராஜ் பின்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனார். மேஸ்திரி மடியை அவிழ்த்து நட்டை மாஜிஸ்திரேட்டின் மேஜையில் வைத்தார். வாசலில் கார் நிற்பதாகவும், இடது பக்கத்து நட்டு எதையாவது திருகிப் பார்க்கச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். மாஜிஸ்திரேட் தானே இறங்கி வந்தார். ஏட்டு ஒருவர் ஸ்பேனரை வைத்து வலப்பக்கம் அழுத்தினார். நட்டு கழன்றது. மாஜிஸ்திரேட் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாயங்காலம் பீர் மைதீனை விட்டுவிட்டார்கள். மேஸ்திரியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக ஏட்டு காத்திருந்தார். வேப்பமரத்தடியில் நூர்பானு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பீர் மைதீன் அவளிடம் போகாமல் நேரே மேஸ்திரியிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

“அண்ணே.”

“என்ன வேணும்னாலும் சொல்லுலே.”

“சேத்தூருக்கு முன்னாலயே சக்கரத்துல சத்தம் கேட்டுச்சு. கடகடன்னு. வண்டிய ஓரங்கட்டி, ஸ்பேனரக் கையில எடுத்துட்டேன். பொறவு உள்ள வச்சுட்டேன். நீங்க அடிச்ச நட்டு, தொடக்கூடாதுன்னு சொன்னிய. சத்தம் வேற எங்கனயோ வருதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

கோர்ட்டில் நின்று சொன்னதுடன் எல்லாம் தீர்ந்தது என்று மனசின் ஒரு மூலையில் மேஸ்திரி நினைத்திருந்தார் போலும். அது இப்போது தூளாகிப்போனது. நட்டை மட்டுமா கழற்றினார், அதைப் பார்க்க வந்த கையையும் அல்லவா கட்டிப்போட்டிருக்கிறார்.

“ஏன்டா இத முன்னாலேயே சொல்லல?”

“சொன்னா, சத்தம் கேட்டும் பாக்காம விட்டேன்னுதான ஆகும்” என்றான் பீர் மைதீன். “நீங்க சொன்னதாலதான் தொடலன்னா எவன் நம்புவான்?”

ஏட்டு முழங்கையைத் தொட்டார். மேஸ்திரி அவர் பக்கம் திரும்பி, செத்துப்போன முத்தாத்தாளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இத்தனை நாளும் அதை அவர் கேட்டதே இல்லை.