முதலில் அமுக்கியவருக்கு

ஓட்டலில் படுக்கை விரிப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து விரித்துப் பார்க்கட்டும், இடுப்பு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியும். அண்ணிக்கு நன்றாகவே தெரியும். கல்யாணமான புதிதிலிருந்து அந்த ஓட்டலின் மாடி அறைகளில் விரிப்பை உதறி, மூலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தவள். தினமும் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். போன வருஷம் அதற்கு ஆப்பு வைத்தார்கள்.

இனி யாருக்கும் தினசரி வேலை கிடையாதாம். ஆள் தேவைப்படுகிற அன்று எல்லோர் போனிலும் 'டிங்' என்று ஓர் அழைப்பு வரும். 'வருகிறேன்' என்பதை முதலில் அமுக்குகிறவருக்கு அன்றைய வேலை. மற்றவர்கள் விரல் சூப்ப வேண்டியதுதான். மாதம் முழுக்க ஒரு வேலைகூட எடுக்காதவரின் பெயரை மெஷினே தூக்கிவிடும்.

"ஆள் நிறைய வேணும்மா. உங்க வீட்ல யாராச்சும் இருந்தா சேர்த்துவிடுங்க," என்று பல்லைக் காட்டினார் சூப்பர்வைசர்.

அண்ணியும் அதை நம்பி நாத்தனாரைச் சேர்த்துவிட்டாள். புருஷன் கைகழுவிவிட்டதால் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள் அவள், எல்லோருக்கும் சிட்டு. தட்டில் இரண்டாவது கரண்டி சோறு விழும்போதே "போதும் அண்ணி" என்று கையைக் குறுக்கே நீட்டுகிறவள். ஒரு வேலை கிடைத்தால் அந்தக் கை கொஞ்சம் இறங்கும் என்று அண்ணி நினைத்தாள்.

வேலை எங்கே கிடைத்தது? சிட்டுவுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் முழுசாகப் படித்த பிறகுதான் அமுக்குவாள். படிக்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் தாலி கட்டியவனிடம் வீட்டைப் பறிகொடுத்தாள். அந்தச் சூடு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"அடியே, அதுல என்னடி இருக்கு படிக்க? தினமும் அதே எழவுதானே வருது!"

"ஒருநாள் மாத்தி எழுதியிருந்தா அண்ணி?"

அவள் படித்து முடிப்பதற்குள் வேலை வேறு யார் கைக்கோ போயிருக்கும். இப்படியே மாதக் கடைசி நாள் வந்துவிட்டது. இன்றும் எடுக்காவிட்டால் சிட்டுவின் பெயர் போய்விடும்.

"இன்னிக்கு நான் தொடவே மாட்டேன். நீ கண்ணை மூடிக்கிட்டு அமுக்கு, தாயே," என்றாள் அண்ணி.

அன்று பார்த்து ஓட்டலில் கூட்டம். எல்லோரையும் வரச்சொல்லி விருந்துக்கூடத்தில் நிற்க வைத்தார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தார். நாடு முழுக்க ஓட்டல் தொழிலில் வேலைவாய்ப்பு ஏறுமுகமாம். "நம்ம ஓட்டலையே பாருங்க. போன வருஷம் அறை வேலைக்குப் பத்துப் பேர். இன்னிக்கு இருபத்தெட்டுப் பேர்!"

அடப்பாவி, பத்துப் பேர் சோற்றை இருபத்தெட்டாகக் கூறு போட்டதற்கா இந்தக் கூத்து என்று அண்ணிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் எல்லோரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள்.

டிங்.

கைத்தட்டல் அப்படியே நின்றுபோனது. இருபத்தெட்டுக் கைகளும் போனுக்குப் பாய்ந்தன. அண்ணியின் கையும் பாய்ந்தது. யோசிக்கவெல்லாம் இல்லை, சத்தம் கேட்டால் அமுக்கிப் பழகிப்போன விரல். 'உங்களுக்குக் கிடைத்தது' என்று திரை பச்சையானது.

பக்கத்தில் சிட்டு போனைக் கண்ணருகே வைத்து, உதடு அசைய, இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கு உயிரே போய்விட்டது. மேடையருகே நின்ற சூப்பர்வைசரிடம் ஓடினாள். "சார், தெரியாம அமுக்கிட்டேன். இதைச் சிட்டு பேருக்கு மாத்திக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"என் கையில என்னம்மா இருக்கு? எல்லாம் மெஷின். எடுத்த வேலையை வேணாம்னு சொன்னா உங்க பேரும் போயிடும்."

அண்ணி திரும்பினாள். சிட்டு பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

"பரவால்ல அண்ணி. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது இருக்கணும்ல. நீங்க மாடிக்குப் போங்க, நான் போய் உலை வைக்கிறேன்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அண்ணிக்கு ஆறியிருக்கும். அன்று விரித்த படுக்கை எதிலும் மூலை சரியாக நிற்கவில்லை.

இரவு சிட்டு முதல் கரண்டிக்கே "போதும்" என்று கையை நீட்டினாள். மறுநாள் ஓட்டலில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். இருபத்தெட்டு குறையவே இல்லை.