சத்தமில்லாத மட்கார்டு

ரோலண்ட் என்ட்விசிலுக்கு வீட்டில் ஒரு சாமான் சத்தம் போட்டால் ஆகாது. ஃபிரிட்ஜ் முனகினால் எழுந்துபோய் அதன் காலைத் திருகுவார். குழாய் சொட்டினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனிதர் மனைவியின் சைக்கிளுக்கு மட்கார்டு மாட்ட உட்கார்ந்தால் என்ன ஆகும்? வீடு இரண்டுபட்டது, வேறென்ன!

அறுபது வயது முடிந்ததற்குப் பெவர்லி தனக்குத் தானே வாங்கிக்கொண்ட சைக்கிள் அது. வளைந்த கைப்பிடியும் ஒல்லி டயருமாக, ஒரு விரலால் தூக்கிவிடலாம். கோடை முழுக்க ஊர் கிளப்போடு ஞாயிறு தவறாமல் சுற்றினாள். அக்டோபர் பிறந்ததும் கிளப் சட்டம் குறுக்கே வந்து நின்றது. பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லாத சைக்கிளுக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. சட்டத்தில் தப்பும் சொல்ல முடியாது. லங்காஷயர் மழையும் மாட்டுச்சாணியும் கலந்த ரோட்டுத் தண்ணீரைப் பின்னால் வருகிறவர் வாயில் பீய்ச்சியடிக்கிறவரோடு யார்தான் சேர்ந்து போவார்கள்?

"கடையில குடுத்து மாட்டிக்கிறேனே" என்றாள் பெவர்லி.

"கடையில மாட்டினா கிடுகிடுன்னு ஆடும். அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"அதானே, நீ எதுக்கு இருக்கே" என்று சொல்லிவிட்டு அவள் டீ போடப் போய்விட்டாள்.

மட்கார்டு தேர்ந்தெடுப்பதற்குள் பெண் பார்ப்பது தேவலை என்று ஆகிவிட்டது. ரப்பர் பட்டையால் கட்டுகிற குட்டை ரகத்தை எடுத்த எடுப்பிலேயே தள்ளினார். "இது மட்கார்டா? மூஞ்சில ஒட்டின மீசை!" ஒடுங்கலாக வாங்கினால் தண்ணீர் பக்கவாட்டில் தெறிக்கும், அகலமாக வாங்கினால் பிரேக்குக்கு அடியில் நுழையாது. டயரை அளந்தார், இடுக்கை அளந்தார், மறுபடி டயரை அளந்தார். கடைசியில் வந்திறங்கிய ஜோடி நல்ல ஜோடிதான், அதைச் சொல்லியாக வேண்டும். நீளமானது, பின்பக்க நுனியில் ரப்பர் நாக்கு தொங்கியது.

சனிக்கிழமை முழுக்க ஷெட்டில் இருந்தார். வெளியே புயற்காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழவேயில்லை. தாங்குகம்பிகளை ரம்பத்தால் அறுத்து, நுனியை அரத்தால் ராவி, வாஷர் மேல் வாஷர் வைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே முழு வட்டத்துக்கும் ஒரே இடைவெளி வரும்படி மாட்டினார். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கித் தரையில் போட்டார். டிக். இன்னொரு தடவை போட்டார். டிக்.

தேடிப்பிடித்துவிட்டார். முன்பக்கக் கம்பிகள் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் நேராக போல்ட்டால் இறுகாமல், இரண்டு சின்ன பிளாஸ்டிக் கவ்விகளுக்குள் செருகியிருந்தன. லேசாக இழுத்தாலே கழன்று கையோடு வந்தன. "இதெல்லாம் ஒரு சாமானா?" என்று கவ்விகளைப் பிடுங்கி மேஜை மேல் எறிந்துவிட்டு, கம்பி நுனியை வளைத்து இரும்பு போல்ட்டால் நேராக முறுக்கினார். சைக்கிளைத் தூக்கிப் போட்டார். மூச்சு விடவில்லை அது. ராத்திரி படுக்கும்போதுகூட அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் காலை பெவர்லி கிளம்பியபோது ஜன்னலில் நின்று கை காட்டினார். அவளும் காட்டினாள். மட்கார்டு சத்தமே போடாமல் தெருமுனை திரும்பியது.

பத்து மணி வாக்கில் டெஸ்மண்ட் வந்தான். நாற்பது வருஷமாக சைக்கிள் மிதிக்கிறவன், ரோலண்டுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதன். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித்தர ஷெட்டுக்குள் நுழைந்தவன் மேஜையைப் பார்த்தபடியே நின்றுவிட்டான்.

"டேய், இது என்னடா இங்க கிடக்கு?"

"அதுவா? லொடலொடன்னு ஒரே சத்தம். தூக்கி எறிஞ்சுட்டு போல்ட்டுப் போட்டு முறுக்கிட்டேன். இப்போ வந்து கேளு, ஊசி விழுந்தாக்கூட..."

"முன்சக்கரத்துலயா?"

"ஆமா."

டெஸ்மண்ட் கிட்டே வந்தான். வாய்க்குள் விரலை விட்டு மேல்வரிசைப் பல்செட்டை உருவி, ரோலண்டின் மூக்குக்கு நேரே நீட்டினான். பொக்கை வாயோடுதான் மீதியைச் சொன்னான்.

"இது எப்படிப் போச்சுன்னு நினைச்சே? ஒரு குச்சிடா. டயர் எடுத்து மட்கார்டுக்குள்ள செருகிடுச்சு. கம்பி விடல. சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு, நான் கைப்பிடிக்கு மேல பறந்து தார்ரோட்டைக் கடிச்சேன். குச்சி மாட்டினா கழண்டுக்கணும்னுதான் அந்தக் கவ்வியே வச்சிருக்கான், அறிவுக்கொழுந்தே! பெட்டிக்குள்ள காகிதம் இருந்திருக்குமே, படிக்கலையா?"

ரோலண்ட் படிக்கவில்லை. படிக்கிற ஜாதியே இல்லை அவர்.

"பெவ் எங்க?" என்றான் டெஸ்மண்ட்.

"வாடிங்டன் மேடு ஏறி, நியூட்டன் இறக்கத்துல..."

நேற்றைய காற்றில் ரோடெல்லாம் குச்சியாகக் கிடக்கும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.  ரோலண்ட் அவளுக்குப் போன் போட்டார், லைனே கிடைக்கவில்லை. மேட்டுக்குப் போய்விட்டால் சிக்னல் ஏது? கார் சாவியை எடுத்துக்கொண்டு, கால் செருப்போடு ஓடினார்.

மேடு ஏறும்போது ரோட்டில் கிடந்த ஒவ்வொரு குச்சியும் அவர் கண்ணில் குத்தியது. விரல் பருமனில், கட்டைவிரல் பருமனில், விதவிதமாகக் கிடந்தன. கடவுளே, அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது. வேறொன்றும் வேண்டாம். இந்தக் கையால்தானே முறுக்கினேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையையே பார்த்தார்.

உச்சியைத் தாண்டியதும் சரிவில், புல்மேல் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. நாலைந்து பேர் குனிந்து எதையோ சூழ்ந்து நின்றார்கள்.  ரோலண்ட் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கினார். கூட்டத்து நடுவே இருந்தது ஒரு டியூப். பஞ்சர்.

"பெவர்லியா?" என்றாள் பம்பு அடித்துக்கொண்டிருந்த பெண். "அவங்க எப்பவோ இறங்கிட்டாங்களே. இறக்கத்துல அவங்களை யாரு பிடிக்கிறது?"

இதைக் கேட்டு ஆறுதல் அடைவதா அழுவதா என்று தெரியாமல் மறுபடி காரில் ஏறினார்.

நியூட்டன் காபிக்கடைச் சுவர் ஓரம் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. பெவர்லியின் சைக்கிளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். பின்சக்கரத்தில் மட்கார்டு அப்படியே இருந்தது. முன்சக்கரம் மொட்டை.

பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. சைக்கிளை யாரோ தூக்கிவந்து சாய்த்திருக்கிறார்கள். அப்படியானால் அவள்? அதற்குமேல் யோசிக்க அவரால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கடைக்கதவு திறந்தது. ஒரு கையில் டீக்கோப்பை, மறு கையில் பாதி கடித்த பேக்கன் ரொட்டியோடு பெவர்லி வந்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை சேறு. மூக்கு நுனியில் ஒரு பொட்டு சாணி. அவரைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"ரோலண்ட், கத்தாதே. முதல்ல நான் சொல்றதைக் கேளு."

அவர் ஓரடி முன்னால் வந்தார்.

"நீ நேத்து முழுக்க உசுரைக் குடுத்து மாட்டினே, தெரியும். ஆனா திரும்பும்போது என் ஷூ நுனி அதுல இடிக்குதுப்பா. நம்ம வாசல் கேட்டுலயே விழப் பார்த்தேன். நீ ஜன்னல்ல நின்னு பல்லைக் காட்டிட்டு இருந்தே, நான் என்ன பண்ணுவேன்? தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு, சர்ச் சுவருக்குப் பின்னால கழட்டி வச்சேன். அந்த போல்ட்டை வேற என்னா முறுக்கு முறுக்கியிருக்கே, ரெண்டு நகம் போச்சு! வீட்டுக்கு வர்றப்போ மறுபடி மாட்டிக்கலாம்னு..."

முடிப்பதற்குள் ரோலண்ட் அவளைக் கட்டிக்கொண்டார். டீ அவர் சட்டையில் கொட்டியது, சாணி கன்னத்தில் ஒட்டியது. போன உயிர் திரும்பி வந்தது என்று சும்மா சொல்வார்கள். அவருக்கு அது காலிலிருந்து மேலே ஏறி வந்ததே தெரிந்தது. அழுதுகொண்டே சிரித்தார். கவ்வி, குச்சி, டெஸ்மண்டின் பல்செட் எல்லாவற்றையும் தலைகால் புரியாமல் கொட்டினார். பெவர்லிக்குப் புரிந்தபோது மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அடப்பாவி மனுஷா" என்றாள்.

"ஆமா கண்ணு. திட்டு. நல்லாத் திட்டு." பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. "ஆனா ஏன் பெவ் எங்கிட்ட சொல்லல? இடிக்குதுன்னு ஒரு வார்த்தை."

"உங்கிட்டயா?" ரொட்டியை மென்றபடி அவரைப் பார்த்தாள். "நீ ஒண்ணை மாட்டிட்டு நிக்கும்போது உன் மூஞ்சியை நீ பார்த்ததில்ல. அந்த மூஞ்சிகிட்ட யாரால சொல்ல முடியும்?"

சரியான இடத்தில் விழுந்தது அடி. ஆனாலும் இன்றைக்கு அவருக்கு அது வலிக்கவில்லை. உயிரோடு, சாணி மூக்கோடு பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்கிறாளே, அது போதும்.

"வேற என்னெல்லாம் இருக்கு?" என்றார்.

"வேறன்னா?"

"நான் பண்ணி, உனக்குப் பிடிக்காம, நீ சொல்லாம விட்டது. இப்போ சொல்லு. என்ன சொன்னாலும் இன்னைக்கு எனக்குச் சந்தோஷம்தான்."

"நேரம் இருக்கா உனக்கு?" என்று சிரித்தாள். அடுக்களை அலமாரி எட்டவில்லை; தினம் ஸ்டூல் போட்டு ஏறுகிறாள். குளியலறை விளக்கு போஸ்ட்மார்ட்டம் பண்ணுகிற இடம் மாதிரி இருக்கிறது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பிறகு அவள் கோப்பைக்குள் பார்த்தாள்.

"மாடிப்படி" என்றாள்.

"அதுல என்ன? இப்போ கிரீச்னுகூட சொல்றதில்லையே."

"அதைத்தான் சொல்றேன். முன்னெல்லாம் கிரீச்னு கேட்டா, நீ வேலையை முடிச்சுட்டுப் படுக்க வர்றேன்னு தெரியும். அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும். அதைப் போய் ஆணியடிச்சு ஊமையாக்கிட்டே."

ரோலண்ட் வாயைத் திறந்தார். ஆணியைப் பிடுங்கிவிடுகிறேன், நாளைக்கே, இல்லை இன்று சாயங்காலமே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "இன்னைக்கு உன்கூடவே படுக்க வந்துடறேன்" என்றார்.