பேரிங் மேல் போட்ட பழி

மரச்சாமான் தொழிற்சாலையில் தூசி உறிஞ்சும் பெரிய விசிறி திங்கட்கிழமை காலை போட்டதுமே பேய் பிடித்ததுபோல ஆட ஆரம்பித்தது. நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்புக் கூட்டுக்குள் ஆள் உயரச் சக்கரம் ஒன்று சுற்றும். அறுவை இயந்திரங்களில் பறக்கும் மரத்தூளையெல்லாம் குழாய் வழியாக இழுத்து வெளியே தள்ளும். அது ஆடினால் தரை ஆடும். தரை ஆடினால் எல்லோர் வாயும் ஆடும்.

பராமரிப்பைக் கவனித்துவந்தவளுக்கு விசிறியின் ஆட்டத்தைவிட அந்த வாய்களின் ஆட்டம்தான் பெரிய கவலையாக இருந்தது. முந்தின நாள்தான் அந்த விசிறிக்கு, சக்கரத்தின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். மாட்டியவன் அவளுடைய கொழுந்தன். நம்ம வீட்டுப் பையன், நான் பொறுப்பு என்று சொல்லி அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அறுவைப் பிரிவில் ஒருவர் இருந்தார். வாயை மூடவே தெரியாததால் அவருக்கு ரேடியோ என்று பெயர். தேநீர் வருவதற்குள் பேரிங்கைக் கோணலாக அடித்து ஏற்றிவிட்டான் என்ற செய்தியை அவர் கடைசி மேசைவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். சூப்பர்வைசர் கத்தவில்லை. வெளியாளைக் கூப்பிட்டுப் பிரித்துப் பார்க்கட்டும், அதுவரை உங்க கொழுந்தன் வீட்டில் இருக்கட்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மத்தியானம்வரை தனக்கு நேரம் கொடுக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

விசிறிக்குப் பின்னால் போனால், கொழுந்தன் தன் கருவிகளையெல்லாம் பையில் போட்டுக் கட்டிவைத்திருந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணி, நான்தான் தப்பா மாட்டிட்டேன்னு சொல்லிடுங்க. என்னால உங்க பேரு கெட வேணாம்."

"தப்பா மாட்டினியா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா அதுக்கப்புறம்தானே ஆடுது."

"அப்போ வாயை மூடிக்கிட்டு ஸ்பேனரை எடு. பாத்துட்டுப் பேசுவோம்."

முதலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். பேரிங் கூட்டின்மேல் புறங்கையை வைத்தாள், சூடு இல்லை. ஸ்குரூடிரைவரின் நுனியை அதில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். கெட்டுப்போன பேரிங் கல்லை மெல்லுவதுபோல அரைக்கும். இது அப்படி அரைக்கவில்லை. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரே ஓர் உதறல், தாளம் தப்பாமல் வந்தது. கோளாறு பேரிங்கில் இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, விசிறிக் கூட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிவிட்டார்கள். அது சுற்றி, தயங்கி, பின்னால் வந்து நின்றது. கீழே வந்து நின்ற இறக்கையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். மறுபடி சுற்றினார்கள். கோடு கீழே வந்தது. இன்னொரு முறை. அதே கோடு, அதே இடம்.

"ஒரு பக்கம் கனமா இருக்கு," என்றான் கொழுந்தன் மெல்ல.

விளக்கைப் பிடித்து உள்ளே தலையை விட்டாள். பசை கலந்த மரத்தூள் இறக்கைகளின் முதுகில் அடை அடையாக இறுகிக் கிடந்தது. எதிர்ப்பக்கத்தில் மட்டும் மூன்று இறக்கைகள் துடைத்துவிட்டதுபோலப் பளபளத்தன. கூட்டின் அடியில் உடைந்த கட்டிகள் கிடந்தன. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாளும் அழுக்கு எல்லா இறக்கையிலும் சமமாக ஒட்டியிருந்ததால் விசிறி ஆடவில்லை. பேரிங்கைக் கழற்றத் தட்டியதில் ஒரு பக்கத்துக் கட்டி மட்டும் உதிர்ந்துவிட்டது.

"பேரிங் மேல ஒரு குறையும் இல்லடா தம்பி. சக்கரம்தான் குளிச்சு ரொம்ப நாளாச்சு."

அவன் சிரிக்கவில்லை. கட்டிவைத்த பையைப் போய் அவிழ்த்தான், அவ்வளவுதான்.

இருவரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சுரண்டினார்கள். வாளி வாளியாக அழுக்கு வந்தது. வேடிக்கை பார்க்க வந்த ரேடியோவின் கையில் அவள் ஒரு வாளியைத் திணித்தாள். மனிதர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேசாமல் வேலை செய்தார். இறக்கைகள் எல்லாம் வெறும் இரும்பான பிறகு சக்கரம் ஒரே இடத்துக்குத் திரும்பாமல், சுற்றிவிடும்போதெல்லாம் வேறுவேறு இடத்தில் நின்றது.

பெல்ட்டை மாட்டி, கதவை மூடி, பூட்டைத் திறந்து ஓடவிட்டார்கள். முதலில் உறுமல், பிறகு ஒரே சீரான இரைச்சல். தரை அசையவில்லை. சூப்பர்வைசர் வந்து பேரிங் கூட்டைத் தொட்டுப் பார்த்தார். வெளியாள் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, கொழுந்தனிடம் திரும்பி, அடுத்த மாதம் பக்கத்து விசிறிக்கும் பேரிங் மாற்ற வேண்டும், நீயே பார்த்துக்கொள் என்றார்.

"சுத்தம் பண்றதுக்கும் சேத்து நேரம் குடுங்க சார்," என்றான் அவன். சூப்பர்வைசர் தலையாட்டினார்.

அவர் போனதும் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போய் மாமியார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. கொழுந்தன் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினான். முகம் முழுக்கத் தூசியோடு, பசி பொறுக்காமல், இருவரும் அங்கேயே சாப்பிட ஆரம்பித்தார்கள்.