லாசர் கெனோவின் மரண அறிவிப்பு

ரொட்டி வாங்கப் புறப்பட்ட லாசர் கெனோவ், தாம் இறந்துவிட்ட செய்தியைத் தம் வீட்டு வெளிக்கதவில் படித்தார்.

கறுப்புக் கரை போட்ட தாள். நடுவில் ரயில் நிலைய அதிபர் சீருடையில் அவருடைய படம். கீழே, ‘அன்புத் தந்தை, நேர்மையான மனிதர் லாசர் கெனோவ் நம்மைவிட்டுப் பிரிந்தார்’ என்ற வரி. லோவெச் ஊரில் யார் செத்தாலும் கதவிலும் தெருக்கம்பங்களிலும் இப்படித் தாள் ஒட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் ஊர் அழ வரும். விளையாட்டுக்கு ஒட்டுகிற தாள் அல்ல அது.

அவர் கத்தவில்லை. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

ராலித்ஸா ஓடிவந்தாள். பின்னால் கேமராவைச் சுமந்துகொண்டு அவளுடைய நண்பன் அஸ்பருஹ்.

“அப்பா, நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள தாளை மட்டும் படம் எடுத்துட்டுக் கிழிச்சிடலாம்னு இருந்தோம். ஆத்துப் பனி விலகவே இல்ல. காத்துக்கிட்டிருந்தோம்.”

“எத்தனை கம்பத்துல ஒட்டியிருக்கு?”

“ரொட்டிக் கடை வரைக்கும்” என்றான் அஸ்பருஹ், தரையைப் பார்த்தபடி.

தலைநகர் சோஃபியாவில் பிறர் எடுத்த சோப்பு விளம்பரங்களுக்கு விளக்குப் பிடித்துச் சலித்துப்போன ராலித்ஸா, தனக்கென்று எடுக்க வந்த முதல் குறும்படம் அது. தன் மரண அறிவிப்பைத் தானே படிக்கும் ஒரு மனிதனின் கதை. செலவுக்குப் பணமில்லை. நடிக்க ஒப்புக்கொண்டவன் முந்தின நாள் ஒரு தொத்திறைச்சி விளம்பரத்துக்கு ஓடிவிட்டான். தாளில் போட வேறு முகம் கிடைக்காமல், அலமாரியில் இருந்த அப்பாவின் முகத்தைப் போட்டுவிட்டாள். இரவல் கேமரா மாலைப் பேருந்தில் திரும்பிப் போயாக வேண்டும். அது போனால் படம் போச்சு; படம் போனால் சித்தப்பாவின் டயர் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அவளே ஒப்புக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அந்த வேடத்துக்கு அப்பாவைத்தான் முதலில் கேட்டாள். “கெனோவ் வீட்டுல கோமாளி வேஷம் கட்டினவங்க யாரும் இல்ல” என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

வெளியே குரல்கள் கேட்டன. லாசர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். கறுப்பு முக்காடு போட்ட பெண்கள், கையில், சாவுக்கென்று இரட்டைப்படையில் எண்ணி வாங்கிய பூக்கள். துக்க வீட்டில் பகிரும் அவித்த கோதுமைத் தட்டோடு எதிர்வீட்டு யோர்தான்கா நின்றாள்.

“நேத்து சாயங்காலம்கூட தக்காளி நாத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாரேடி!”

“திமிர் பிடிச்ச மனுஷன். ஆனா ஸ்டேஷன்ல ஒரு நாளும் காசுக்குக் கை நீட்டுனதில்ல.”

பக்கத்து வீட்டு ஸ்டாமென் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவர் வீட்டு ப்ளம் மரக்கிளை தன் சுவரைத் தாண்டியது என்பதற்காக அவரோடு லாசர் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

“என்கிட்ட பேசாமலே போயிட்டான் பாரு, கழுதை” என்றார் ஸ்டாமென். “ஒரு கிளை. வெட்டித் தொலைச்சிருக்கலாம்.” தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜன்னலோரம் அஸ்பருஹின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்துடா. அவங்க நிஜமா அழறாங்க” என்றாள் ராலித்ஸா. “நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்.”

சினிமாவுக்காகப் பெற்ற அப்பனைக் கொன்றவள் என்ற பேச்சு மதியத்துக்குள் ஆற்றுக்கு அந்தக் கரைக்கும் போய்விடும் என்பது லாசருக்குத் தெரியும். தாளைக் கிழிக்கலாம். அந்தப் பேச்சைக் கிழிக்க முடியாது.

“இரு” என்றார். “உன் கதையில செத்தவன் எப்ப வெளிய வர்றான்?”

அவள் திகைத்தாள். “எல்லாரும் அழும்போது... வந்து தாளைப் படிப்பான். எதுவும் பேசமாட்டான்.”

“பேச எனக்கு நிறைய இருக்கு. உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்.”

கோட்டை மாட்டினார், பொத்தான் போட்டார், வெளியே நடந்தார். அஸ்பருஹ் கேமராவைத் திரும்ப ஓடவிட்டான். யோர்தான்காவின் கையிலிருந்து கோதுமைத் தட்டு விழுந்தது. கூட்டம் தானாக விலகியது. லாசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரயில் நேரங்களைச் சரிபார்ப்பவரைப் போல அந்தத் தாளைப் படித்தார். ஒரு மூலை பெயர்ந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

“நீ சாகலையாடா?” என்றார் ஸ்டாமென்.

“இன்னும் இல்ல.”

“அடப்பாவி! உனக்குப் போய்ப் பூ வாங்கினேனே!” ஸ்டாமென் கையிலிருந்த கார்னேஷன் பூக்களால் அவரை அடித்தார். தண்டுகள் ஒடியும்வரை அடித்தார். பிறகு கட்டிப்பிடித்து அழுதார். லாசர் விறைப்பாகவே நின்றார்; கை மட்டும் மெல்ல ஸ்டாமெனின் முதுகுக்குப் போனது.

“இது யாரோட வேலை?” என்றாள் யோர்தான்கா. எல்லாக் கண்களும், வாசலில் வெளிறி நின்ற ராலித்ஸாவின் மேல் விழுந்தன.

“என் சம்மதத்தோடதான் நடந்துச்சு” என்றார் லாசர். “என் பொண்ணு படம் எடுக்கறா. நான் நடிக்கிறேன்.”

பயணச்சீட்டு இல்லாத அமைச்சரையே வண்டியிலிருந்து இறக்கிவிட்ட மனிதர் அவர். அவர் வாயிலிருந்து பொய் வரும் என்று யாரும் நினைக்கவில்லை, அதனால் நம்பினார்கள்.

ராலித்ஸா படியிறங்கி ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். “மன்னிச்சிடுங்க அத்தை. வேண்டாம்னா உங்க முகம் படத்துல வராது.”

யோர்தான்கா யோசித்தாள். “நான் அழும்போது முக்காடு கோணலா இருந்துச்சு. திரும்ப ஒரு தடவை அழறேன். நல்லா எடு.”

அதன் பிறகு தெரு முழுக்க ராலித்ஸா சொன்னபடி அழுதது. சத்தம் போதவில்லை என்று ஸ்டாமெனை லாசரே அதட்டினார். கேமரா மாலைப் பேருந்தைப் பிடித்தது.

அடுத்த வசந்தத்தில், இத்தாலியில் ஒரு கடலோர ஊரில் நடந்த விழாவில் அந்தப் படம் முதல் பரிசு வாங்கியது. சோஃபியாவிலிருந்து தயாரிப்பாளர் ஒருவர் ராலித்ஸாவைத் தேடி லோவெச்சுக்கே வந்தார்.

ஊர் அரங்கில் படத்தைப் போட்டார்கள். பூவடி விழுந்ததும் அரங்கம் வெடித்துச் சிரித்தது. லாசரின் தாடை இறுகியது. தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ஆனால் திரையில் அவருடைய கை ஸ்டாமெனின் முதுகைத் தொட்டபோது சிரிப்பு அடங்கியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். விளக்கு எரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தயாரிப்பாளர் மேடையேறி, ராலித்ஸாவின் முதல் முழுநீளப் படத்தைத் தாமே தயாரிக்கப்போவதாகவும் அதை இந்த ஊரிலேயே எடுக்கப்போவதாகவும் அறிவித்தார். “கெனோவா! கெனோவா!” என்று, கெனோவ் வீட்டுப் பெண்ணுக்குரிய பெயரால் ராலித்ஸாவைக் கூரை அதிரக் கூவினார்கள்.

மேயர் முன்வரிசைக்கு விரைந்து வந்து லாசரிடம் கை நீட்டினார். “உங்க குடும்பத்துக்கே பெருமை ஐயா! வாழ்த்துகள்!”

லாசர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. முதுகு நிமிர எழுந்து நின்று மேடையைக் காட்டினார்.

“கையை அங்க கொண்டுபோய்க் குடுங்க. நான் அதுல செத்தவன் மட்டும்தான்.”