கட்டைவிரலில் பச்சை

குளிப்பாட்டும் அறைக்குள் மூன்று பேர்: லெப்பை, சாச்சா அப்துல் காதர், மகன் முஸ்தஃபா. வெளியே பள்ளிவாசல் தாழ்வாரத்தில் மாணவர்கள், அறுபது பேருக்குக் குறையாது. பலகையில் ஷேக் அலாவுதீனின் மையித்து. எண்பத்திரண்டு வயது, நாற்பது வருடம் ஓவிய வாத்தியார்.

முஸ்தஃபா அத்தாவின் இடது கட்டைவிரலை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். நகத்தைச் சுற்றிப் பச்சைச் சாயம் காய்ந்து கிடந்தது.

“அழுத்தாதீங்க தம்பி. மையித்துக்கு வலிக்கும்,” என்றார் லெப்பை.

“போகமாட்டேங்குது.”

“போகணுமே. தோல்ல தண்ணி பட்டாத்தான் குளிப்பு கூடும்.”

சாச்சா குனிந்து பார்த்தார். “அண்ணன்தான் வரையறத விட்டுட்டாரேடா?”

அப்படித்தான் முஸ்தஃபாவும் நினைத்திருந்தான். இரண்டு வருடம் முன்பு பக்கவாதத்தில் அத்தாவின் வலது கை விழுந்ததும், அவன் கண்ணெதிரே தூரிகைகளைக் குப்பையில் போட்டார். உள்ளுக்குள் அவனுக்குச் சந்தோஷம். இனி மாணவர் கூட்டம் வராது, மனிதர் வீட்டோடு இருப்பார். வியாழக்கிழமைகளில் மட்டும் டீக்கடைக்குத் தே தாரேக் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போவார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவன் தூங்கும் நேரம் அது. நேற்றும் போனார். மாலையில் திரும்பி வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

கதவு தட்டும் சத்தம். முஸ்தஃபா ஒரு சாண் திறந்தான். ஹக்கீம் நின்றிருந்தான். அத்தாவின் மாணவன், இப்போது சுங்கை பினாங்கில் சொந்தமாக ஓவிய வகுப்பு நடத்துகிறான்.

பன்னிரண்டு வயதில் அத்தாவின் வகுப்பில் முஸ்தஃபா ஒரு படகு வரைந்தான். “இது படகா, செருப்பா?” என்றார் அத்தா. வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவனுக்குத் தூரிகை கழுவும் டப்பாவில் தண்ணீர் மாற்றும் வேலை. முன் பெஞ்சில் சின்னப்பையன் ஹக்கீமின் கையைப் பிடித்து, அத்தா கோடு போடச் சொல்லிக்கொடுத்தார்.

“அண்ணே, மண்ணெண்ணெய் வாசம் வெளிய வருது. அது அக்ரிலிக், அதுக்கெல்லாம் அசையாதுலா. தேங்காய் எண்ணெயில ஊற வெச்சு ஈர்க்குச்சியால எடுக்கணும்.” ஹக்கீமின் கையில் சின்ன எண்ணெய்க் குப்பி.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

ஹக்கீம் தரையைப் பார்த்தான். “வாரா வாரம் என் வகுப்புல வந்து வரைவாரு. நான்தான்ணே எடுத்துவிடுவேன். நேத்து மட்டும், ஒடம்பு சரியில்ல, வேணாம்னுட்டுக் கெளம்பிட்டாரு.”

“இடது கையாலயா வரைஞ்சாரு?”

“வெறும் கட்டைவிரலால. உங்ககிட்ட சொல்லாதேன்னாரு.”

“ஏன்?”

“எல்லாம் கோணலா வருது, முஸ்தஃபா பாத்தா சிரிப்பான்னாரு.”

முஸ்தஃபா குப்பிக்காகக் கையை நீட்டினான். ஹக்கீம் கொடுத்தான். “நகத்துக்கடியில குத்திராம பாத்துக்குங்கண்ணே.”

“யாராவது ஒருத்தர் சீக்கிரம். ஜும்ஆத் தொழுகைக்கு முன்ன தூக்கணும்,” என்றார் லெப்பை.

முஸ்தஃபா குப்பியைப் பலகை ஓரத்தில் வைத்தான். வாளியில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்து, புதுத் தண்ணீர் நிரம்பும்வரை நின்றான்.

“உள்ள வா. நீ விரலைப் பாரு,” என்றான். “தண்ணி நான்தான் ஊத்துவேன்.”

ஹக்கீம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. முஸ்தஃபா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.