சுமையோடு பார்த்த சாய்வு

அவளுடைய கணவரை ஊரே அரைடன் என்றுதான் கூப்பிட்டது. அவருடைய பிக்கப் வண்டியின் கதவிலும் தாங்கும் சுமை அரை டன் என்று எழுதியிருந்தது. வண்டி இவரைச் சுமக்கிறதா, இவர் வண்டியைச் சுமக்கிறாரா என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வண்டிக்குள் ஒரு லாரி இன்ஜினைத் தூக்கி வைத்தே தீருவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். இருந்த இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்களிடம், மேடு ஏறும்போது அது மூச்சு வாங்குகிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது என்றார். மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

லாரி இன்ஜின் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. ரேடியேட்டரை முன்னால் தள்ளினார். கால் வைக்கும் தகட்டை வெட்டினார். அப்படியும் கியர் பாக்ஸ் பின்னால் நகர்ந்து முன் சீட்டின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. நடுவில் உட்காருபவர் குதிரை ஏறுவதுபோல் அதன் இருபுறமும் காலைப் போட்டுக்கொள்ள வேண்டும். கணவரின் அண்ணன் மரக்கடை வைத்திருந்தார். வரும்போதெல்லாம் ஷெட்டை எட்டிப் பார்த்து, "வண்டிய வெட்டி முடிச்சாச்சா, இல்ல வீட்டையும் வெட்டணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். இவர் அசைந்து கொடுக்க மாட்டார். அடுத்த வாரம் ஓடும் என்பார். ஒருநாள் கோபம் வந்து, "என்னைத் தூக்கிட்டுப் போறதுன்னாலும் இதுலதான் போவேன், பாரு" என்றார்.

இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. அதைப் பின்சக்கர அச்சோடு இணைக்கும் நீளத் தண்டை மட்டும் சரியாக மாட்ட வேண்டும். அந்த நிலையில் ஒருநாள் காலை, கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அவர் போய்விட்டார்.

அமரர் ஊர்தி வந்து வாசலில் நின்றது. அவள் ஷெட் சாவியை எடுத்துத் தன் தம்பியின் கையில் கொடுத்தாள். தம்பி லேத் பட்டறைக்காரன்.

"அவர் அந்த வண்டிலதான் போவார்."

"அது ஓடாதும்மா," என்றார் கணவரின் அண்ணன்.

"தண்டு மாட்டினா ஓடும் அத்தான்."

இத்தனை காலம் ஊர் அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் இன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்முன்னால் அது ஓட வேண்டும். இன்று ஓடாவிட்டால் நாளை ஓடி யாருக்கு என்ன? அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அழுகைகூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி நின்றது.

தம்பி தண்டை மாட்டித் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வேகம் கொஞ்சம் ஏறினாலே வண்டி கிடுகிடுவென்று நடுங்குகிறது, பல்லெல்லாம் கழன்றுவிடும்போல் இருக்கிறது என்றான். இடுகாடு ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டும். ஆமை வேகத்தில் போனால் லாரிக்காரர்கள் ஏறி மிதித்துவிடுவார்கள்.

கோளாறு சாய்வில் இருந்தது. கியர் பாக்ஸ் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், தண்டு மாட்டும் அச்சின் மூக்கு அதே அளவு மேல்நோக்கி இருக்க வேண்டும். அவர் அதை அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். வண்டிக்கடியில் டார்ச் பிடித்தது அவள்தானே. புருஷன் பெண்டாட்டி மாதிரி என்பார். ரெண்டு பேரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டாம், ஒரே சாய்வில் இருந்தால் போதும், நடுவில் இருக்கிற தண்டு நிம்மதியாகச் சுற்றும்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சட்டையை மடித்துக்கொண்டு வண்டிக்கடியில் போனார்கள். உள்ளேயிருந்து கால்கள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. புதிதாக வந்தவர்கள் எந்தக் காலிடம் துக்கம் விசாரிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அமரர் ஊர்தியின் டிரைவர் கொஞ்ச நேரம் வாட்சைப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல், சாய்வு மாற அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் ஒரு ஆப்பு கொடுக்கச் சொல்லிவிட்டு அவரும் உள்ளே புகுந்தார். தம்பி பட்டறைக்கு ஓடி இரும்பில் ஆப்பு கடைந்து வந்தான். வைத்தார்கள். நடுக்கம் போகவில்லை. மெல்லிசாகக் கடைந்து வந்தான். அப்போதும் போகவில்லை.

அவள் டார்ச்சோடு குனிந்தாள்.

"சும்மா நிக்கிற வண்டி பொய் சொல்லும்னு அவர் சொல்வார்டா. ஏத்தப்போற சுமையை ஏத்திட்டுத்தான் சாய்வு பாக்கணும்."

"என்ன சுமைக்கா ஏத்தப்போறோம்?" என்று கேட்டுவிட்டுத் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிறகு கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டு, ஆட்களாக எழுந்து, கூடத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தன.

பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. பின்தட்டில் வைத்ததும் ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. அவர் பெட்டிக்குள் அசையாமல் படுத்திருக்க, அடியில் படுத்து அளந்தார்கள். கணவரின் அண்ணன் பெட்டிமேல் கைவைத்துச் சாய்ந்து நின்றபோது தம்பி கீழேயிருந்து, "கைய எடுங்க, அளவு மாறுது" என்று அதட்டினான். அவரும் குற்றம் செய்தவர்போல் எடுத்துக்கொண்டார். மூன்றாவது ஆப்பு கச்சிதமாக உட்கார்ந்தது.

நெடுஞ்சாலையில் தம்பி வேகத்தைக் கூட்டினான். அவள் ஜன்னலோரம் இருந்தாள். கணவரின் அண்ணன் நடுவில், கியர் பாக்ஸின் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி பாயில் உருட்டிய முத்துப்போல ஓடியது. மேட்டில் லாரிகளை முந்தியது. மூச்சு வாங்கவில்லை.

"கழுத, சொன்னபடி செஞ்சுட்டான்," என்றார் அண்ணன். பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாததால் கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். தம்பி கியர் மாற்ற வேண்டியிருந்த இடங்களில் மட்டும் கையை எடுத்து வழிவிட்டார்.

போகிற வழியைப் பற்றித்தான் எல்லோரும் யோசித்திருந்தார்கள். திரும்பி வருகிற வழி ஒருவர் புத்தியிலும் இல்லை.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் வண்டி நடுங்கத் தொடங்கியது. கண்ணாடி கடகடத்தது. கதவு பிடுங்கிக்கொள்ளும்போல் ஆடியது. தம்பி ஓரம் கட்டினான்.

"அவர் எடைக்கு வச்ச ஆப்புக்கா. அவர் இல்லைன்னா ஆடத்தான் செய்யும்," என்றான். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவள் இறங்கினாள். பின்தட்டில் ஏறி, பெட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சதூரம் ஓட்டிப் பார்த்தார்கள். நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை. பின்னால் காலியான அமரர் ஊர்தியில் வந்துகொண்டிருந்த மகள் இறங்கி ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் ஏறினாள். இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதே ஊர்தியில் வந்த அடுத்தவீட்டுத் தம்பதி ஏறினார்கள். பிறகு கணவரின் அண்ணன், கியர் பாக்ஸிலிருந்து காலை எடுத்துக்கொண்டு வந்து, வேட்டியை இழுத்துப் பிடித்து ஏறினார். நடுக்கம் சட்டென்று நின்றது. நாமும் இருக்கட்டுமே என்று அமரர் ஊர்தியின் டிரைவரும் வண்டியை உதவியாளிடம் விட்டுவிட்டு ஏறினார். மறுபடி ஆடியது. அவரை மரியாதையாக இறக்கிவிட்டார்கள்.

நாளைக்கே ஆப்பை உருவிவிடுகிறேன் என்று தம்பி முன்னாலிருந்து சொன்னான்.

"உருவாதே," என்றாள் அவள்.

கணவரின் அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீ காய்கறி வாங்கப் போனாக்கூட நாங்க எல்லாரும் வந்து பின்னாடி உக்காரணுமா?"

"ஆமா அத்தான்."

அவர் பலகையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, கேபின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி கிளம்பியது.